பன்னிரண்டாவது குரல்

நஞ்சப்பன் தன் ஸ்பீக்கர் பெட்டிகளில் பழைய கப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, முதல் பெண்ணின் குரல் பெட்டியை விட்டு வெளியே வந்து, ஹாலைக் கடந்து, ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் நின்றுகொண்டது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக இன்னும் சில குரல்கள் வந்தன. ஒன்று சோபாவில் உட்கார்ந்தது, ஒன்று ஜன்னலோரம் போனது, இரண்டு கதவுப் பக்கமாக ஒதுங்கின. அடுக்களையில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்த திலகவதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எண்ணினாள். முப்பத்தெட்டு வருடமாக அவள் பயந்துகொண்டிருந்தது இந்த எண்ணிக்கைக்குத்தான். பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது வரவில்லை. அது வராது என்பது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திலகவதிக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, உடுமலையிலிருந்து சென்னைக்குச் சித்தி வீட்டுக்குப் போய்ப் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். பாட்டு டீச்சர் ஒருநாள் பன்னிரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சினிமாப் பாட்டுக்குக் கோரஸ் பாட அனுப்பினார். படகில் போகிற பாட்டு. நடுவில் நாற்பது விநாடி, பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஓகாரம் இழுக்கவேண்டும், அவ்வளவுதான். ரிகர்சலில் நான்கு தடவை நன்றாகவே பாடினாள். பிறகு ரெக்கார்டிங் தியேட்டரின் கதவைச் சாத்தினார்கள், சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது, அந்த விளக்கைப் பார்த்ததும் அவள் தொண்டை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. என்ன செய்வாள்? நாற்பது விநாடியும் வாயை மட்டும் அசைத்தாள். ஒரே டேக்கில் ஓகே ஆனது. எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், அவளையும் கட்டிக்கொண்டார்கள், சித்தி கேசரி கிளறினாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் உடுமலையில் பத்து வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. படம் நான்கு நாள்தான் ஓடியது என்றாலும் பாட்டு இசைத்தட்டாக, பிளேட்டாக வெளிவந்துவிட்டதால், கல்யாணத் தரகர் அவள் ஜாதகத்தில் நட்சத்திரத்துக்கு மேலேயே ‘பிளேட்டில் பாடிய பெண்’ என்று எழுதிவைத்தார்.

அதைப் படித்துவிட்டுத்தான் நஞ்சப்பன் பெண் பார்க்க வந்தார். கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் அவர் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். ஓடுகிற நூறு மோட்டாரில் எந்த மோட்டாரின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுகிற காது அவருடையது. அந்தக் காதின்மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் அந்தப் பிளேட்டைத் தேடி வாங்கிக்கொண்டு வந்து, சுழலவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “இதுல உன்னுது எது அம்மிணி?” என்று கேட்டார்.

“பன்னெண்டு பேர் சேர்ந்து பாடுனா அதுல ஒருத்தியை எப்படிங்க தனியாப் பிரிக்கிறது?” என்றாள் திலகவதி. இத்தோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தாள்.

நஞ்சப்பன் ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பொட்டி சரியில்ல,” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. கடையில் வாங்கிய பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுத் தானே பிளைவுட் அறுத்து இரண்டு பெட்டி செய்தார். பெட்டியின் சுவர் அதிர்ந்தால் குரல் மங்கும் என்று உள்ளே குறுக்குக் கட்டை அடித்தார், கட்டைக்கு மேல் தார் ஷீட் ஒட்டினார், மில்லில் சீவிய பஞ்சைக் கொண்டுவந்து உள்ளே அடைத்தார், அடைத்தது அதிகம் என்று ஒரு கைப்பிடி எடுத்தார், எடுத்தது அதிகம் என்று அரைக் கைப்பிடி வைத்தார். பெட்டி நிற்கிற இரும்புக் காலுக்குள் ஆற்று மணலைச் சலித்து நிரப்பினார், ஈரம் போவதற்காக அந்த மணலைத் திலகவதியின் வாணலியிலேயே வறுத்தார். காலுக்கு அடியில் கூர் ஆணி, ஆணிக்கு அடியில் செப்புக் காசு, ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டிவரை மாட்டுக் கயிறு தடிமனுக்குச் செம்பு வயர், எதிர்ச்சுவரில் எதிரொலி வராமலிருக்க கல்யாணத்துக்குச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை. அவர் நாற்காலி போடவேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார், ஒறம்பரை என்று வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகவேண்டும், நாற்காலியை நகர்த்தக் கூடாது.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் பாட்டில் புதிதாக ஏதாவது கேட்கும். பஞ்சு அடைத்த வருடம் ஒரு பெண்ணின் வளையல் உரசியது கேட்டது. வயர் மாற்றியதும் வயலின்காரர் ஒருவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தது கேட்டது. ஆணி வைத்ததும் யாரோ எச்சில் விழுங்கியது கேட்டது. ஒவ்வொரு தடவையும் நஞ்சப்பன் அடுக்களைக்கு ஓடிவந்து, “கிட்ட வந்துட்டம் அம்மிணி!” என்பார். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரு வரிகூடப் பாடவில்லை. பெற்ற மகளைக்கூடத் தட்டித்தான் தூங்கவைத்தாள். கேட்டவர்களிடம் தொண்டைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, ஓசூருக்குப் போய்விட்டாள். மில்லை மூடினார்கள், நஞ்சப்பன் வீட்டோடு இருந்தார், வேலை செய்ய அவருக்கு மிச்சம் இருந்தது அந்த இரண்டு பெட்டிகள் மட்டும்தான்.

கடைசியில்தான் அந்தக் கப்பாசிட்டர் வந்தது. பழையது சுண்டுவிரல் அளவு. புதியது நல்ல கத்தரிக்காய் அளவு. அதைப் பற்றவைத்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் முதலில் சொன்னேன்.

பதினொரு குரலும் வந்து நின்றதும் நஞ்சப்பன் பிளேட்டிலிருந்து முள்ளை எடுத்தார். குரல்கள் நிற்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தார், பிளக்கையும் பிடுங்கினார். ஹால் முழுக்க அங்கங்கே நின்றுகொண்டு பதினொரு குரல்களும் நாற்பது விநாடி இழுத்துவிட்டு, இருபது விநாடி மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஆரம்பித்தன. ஆள் கிடையாது, உருவம் கிடையாது, நின்ற இடத்தில் வெறும் குரல். நஞ்சப்பன் ஒவ்வொன்றின் எதிரிலும் போய் நின்று தலையை ஆட்டினார்.

“எப்படிப் பிரிச்சுக் குடுக்குது பாத்தியா?” என்றார். “இதைத்தான் நான் இத்தனை வருசமாச் சொல்லிட்டு இருந்தேன். கப்பாசிட்டர்ல இருக்குது சங்கதி.” பிறகு விரல் விட்டு எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார். “உன்னுது எங்க அம்மிணி?”

திலகவதி அடுக்களைப் பக்கம் திரும்பினாள். “சாப்பிட வாங்க,” என்றாள்.

அவர்கள் இருந்த காலனியில் மொத்தம் முப்பத்தாறு வீடு, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். வந்திருக்கும் குரல்கள் குளிக்காது, குடிக்காது என்று தெரிந்ததும் யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் அவை நஞ்சப்பன் வீட்டிலிருந்து இறங்கி அங்கங்கே இடம் பார்த்துக்கொண்டன. கொஞ்சம் கரகரப்பான குரல் ஒன்று பக்கத்து வீட்டு வசந்தாமணியின் அடுக்களையில் சிலிண்டருக்குப் பக்கத்தில் குடியேறியது. அது பதினைந்து தடவை பாடினால் இட்லி வெந்துவிடுகிறது என்று வசந்தாமணி கண்டுபிடித்து எல்லோருக்கும் சொன்னாள். ஒன்று மேல்நிலைத் தொட்டிக்குள் இறங்கிவிட்டதால் யார் வீட்டில் குழாயைத் திறந்தாலும் முதலில் ஓகாரம் வந்து பிறகுதான் தண்ணீர் வந்தது. ஒன்று மாவு மில்லில், ஒன்று சைக்கிள் ஷெட்டில், சுருதி லேசாக இறங்கிய ஒன்று பிள்ளையார் கோயில் மேடையில். இன்னொன்று தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் ஏறிக் காந்திபுரம்வரை போய் மத்தியானம் திரும்பியது, கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை. காலனிச் சங்கச் செயலாளர் ராக்கியண்ணன் எதையும் எழுத்தில் வைக்காவிட்டால் தூக்கம் வராதவர். ‘ஒறம்பரையாக வந்துள்ள குரல்கள் பரீட்சைக் காலத்தில் மாடிப்படியில் பாடுவதைத் தவிர்க்கவும்’ என்று நோட்டீஸ் போர்டில் எழுதி முத்திரையும் குத்தினார். குரல்கள் பெரும்பாலும் அதை மதித்தன.

பத்து நாளில் எல்லோருக்கும் பழகிப்போய், பழகிப்போனதும் ஒரு குறை தட்டுப்பட்டது. ஊர் பேர் தெரியாத பதினொரு பெண்களின் குரல் காலனிக்குள் நடமாடுகிறது, நம் காலனிப் பெண்ணின் குரலை மட்டும் காணோம்.

“எங்கூட்டு அடுப்படியில நிக்கிறது உங்களுதா இருக்குமோன்னு நெனச்சனுங்கக்கா,” என்றாள் வசந்தாமணி. “ரெண்டு நாள் பேச்சுக் குடுத்துப் பாத்தேன். உங்க ஜாடையே இல்லீங்க. எப்பங்க்கா வரும் உங்களுது?”

“வரும்போது வரட்டும் விடு,” என்றாள் திலகவதி.

ஆனால் நஞ்சப்பன் விடவில்லை. அவர் மனைவியை ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை, அதுதான் திலகவதிக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. சந்தேகப்பட்டுச் சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு அழுது தீர்த்திருப்பாள். அவர் குற்றத்தையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டார். பெட்டிகளைப் பதினேழு தடவை திறந்தார். பஞ்சு முழுவதையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்பி, அதற்குள் எங்காவது சிக்கியிருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். ஒரு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

“நாந்தான் கெடுத்துப்போட்டேன் அம்மிணி,” என்றார் ஒருநாள், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்து. “பஞ்சை இறுக்கி அடைச்சு, தாரை ஒட்டி, உன்ர குரலை உள்ளயே வெச்சு நசுக்கிப்போட்டேன். மத்த பொம்பளைகளுது எல்லாம் தெடமா இருந்துருக்கு, தப்பிச்சு வந்துருச்சு. உன்னுது மெல்லிசு.”

“அப்படியெல்லாம் இல்லீங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க…”

“ஷ்ஷ்,” என்று கையைத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். பிளேட் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. முப்பத்தெட்டு வருடமாக அந்தக் கை அப்படித்தான் தூக்கப்படுகிறது. அவள் பால் பொங்கியதைச் சொல்ல வந்தபோதும், மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்தபோதும் அதே கை, அதே மூடிய கண். பாடாத பாட்டுக்காக இப்படி உருகுகிற மனுஷன் எதிரில் நின்று பேசுகிறவளை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? கோபம் வந்த வேகத்திலேயே இரக்கமும் வந்தது, இரண்டுக்கும் பின்னாலேயே வெட்கமும் வந்தது. தன் பொய் ஒரு மனிதனைச் சோறு தின்னவிடாமல் அடிக்கிறதே என்று அவள் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதாள்.

இந்த நேரம் பார்த்து ராக்கியண்ணன் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். வருகிற ஞாயிறு காலை பதினொரு மணி, நஞ்சப்பன் வீட்டு ஹாலிலும் வாசலிலும், பன்னிரண்டாவது குரல் வெளிவரும், வந்ததும் திருமதி திலகவதி அவர்களுக்குப் பொன்னாடை. குரல் வருமா வராதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நோட்டீஸ் போட்டாகிவிட்டது என்றால் வந்துதான் ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. ரேஷன் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டியிருந்தார்கள், அதில் திலகவதி யாரையோ அடிக்கப்போகிறவள்போல் இருந்தாள்.

ஞாயிறு காலை நஞ்சப்பன் குளிக்கப் போனபோது திலகவதி ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் குனிந்தாள். ஸ்பீக்கர்காரன் பெண்டாட்டிக்குத் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. பல வருடம் முன்பு நஞ்சப்பன் கவனக்குறைவாக ஒரு பெட்டிக்கு மட்டும் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார், சிவப்பு கறுப்பிலும் கறுப்பு சிவப்பிலும். ஒரு பெட்டி முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்க, இரண்டுக்கும் பொதுவான குரல் ஒன்றையொன்று தின்று, நடு ஹாலில் நின்று பாடுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்த பாடகர் காணாமல் போய்விட்டார். எட்டு நாள் தேடித்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் ஒரு மணி நேரம் விளக்கியதை அவள் மறக்கவில்லை. இப்போது இடதுபக்கப் பெட்டியின் இரண்டு வயரையும் கழற்றி மாற்றிச் செருகினாள். பாட்டு சப்பென்று கேட்கும், எந்தக் குரலும் வராது, ஜனங்கள் கேசரியைத் தின்றுவிட்டுக் கலைந்துபோவார்கள், இவரும் இத்தோடு ஓய்ந்துவிடுவார் என்பது அவள் எண்ணம். உண்மையைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பதினொரு மணிக்கு ஹாலில் நிற்க இடமில்லை. வாசலில் சாமியானா, அதற்கடியில் அறுபது நாற்காலி. பதினொரு குரல்களும் வந்து சுவரோரமாக வாய்மூடி நின்றன, காந்திபுரம் போகிறதுகூட அன்றைக்குப் போகவில்லை. ராக்கியண்ணன் மைக்கைப் பிடித்து நான்கு வார்த்தை பேசினார். நஞ்சப்பன் வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, பிளேட்டில் முள்ளை இறக்கினார்.

பாட்டு ஆரம்பித்தது. பாடகரைக் காணோம். வயலின்கள் மட்டும் இரண்டு ஓரத்திலும் அநாதையாக அலைந்தன. நஞ்சப்பன் முகம் சுருங்கியது. பிறகு கோரஸ் வரவேண்டிய இடம் வந்தது, அந்த இடத்தில் எல்லாப் பொதுக் குரலும் ஒன்றையொன்று தின்றுவிட்டதால், மிச்சம் இருந்தது வெளியே வந்தது.

முதலில் ஃபேன் சத்தம் நின்றது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அடுத்ததாக, முன்வரிசையில் வசந்தாமணி மடியில் வீறிட்டுக்கொண்டிருந்த பேத்தியின் அழுகை நின்றது, பிள்ளையின் வாய் திறந்தபடியேதான் இருந்தது. ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு நிசப்தம் பெட்டியை விட்டு இறங்கி ஹாலுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது. அது எங்கே வருகிறது என்பதை எந்தச் சத்தம் அறுந்துபோகிறது என்பதை வைத்து எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். ராக்கியண்ணனைக் கடந்தபோது, பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததில் மூன்று வார்த்தை போயிற்று. வழிவிடுவதற்காக ஜனங்கள் நாற்காலியை நகர்த்தினார்கள், நகர்த்திய சத்தம் சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. அது நேராக வந்து திலகவதியின் பக்கத்தில் நின்றுகொண்டது.

நஞ்சப்பன் எழுந்து வந்தார். அதற்குள் நுழைந்து, வழக்கம்போல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கேட்க எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் தலையைச் சாய்த்தார். அப்போதும் இல்லை. வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்தார். எதிரில் திலகவதி இருந்தாள்.

அவள் சொன்னாள். அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை, அதனாலேயே சொல்ல முடிந்தது. நான் பாடவே இல்லீங்க. அன்னிக்கு வாயை மட்டுந்தான் அசைச்சேன். முப்பத்தெட்டு வருசமா உங்களை ஏமாத்திட்டேன். நஞ்சப்பன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போல. புரியவில்லை என்று கையைக் காட்டினார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். மூன்றாவது தடவையில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. அவர் வாயைத் திறந்து ஏதோ கேட்டார். இப்போது அவள் அவர் உதட்டைப் பார்க்கவேண்டியிருந்தது. பயந்துட்டியா, என்று கேட்டார்.

திலகவதி தலையை ஆட்டினாள். ஆட்டியபடியே அழுதாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிசப்தத்தை விட்டு இரண்டடி வெளியே வந்து, ராக்கியண்ணன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். “எல்லாரும் மன்னிக்கோணுங்க,” என்றாள். “அந்தப் பாட்டுல நான் பாடலீங்க. பயத்துல சும்மா வாயசைச்சனுங்க. பதினோரு பேருதான் பாடுனாங்க. இப்ப வந்து நிக்குதே, சத்தமில்லாம, அதுதானுங்க என்னுது.”

ஜனங்கள் அவளையும் பார்த்தார்கள், அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார்கள். ராக்கியண்ணன் நோட்டீஸை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்தார். பன்னிரண்டாவது வரும் என்று போட்டிருந்தது, வந்துவிட்டது, அதில் பிழை ஒன்றும் இல்லை. பொன்னாடையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினார்.

வசந்தாமணிதான் முதலில் எழுந்தாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதை ராத்திரிக்கு மட்டும் எங்கூட்டுக்கு அனுப்புவீங்களா? எங்கூட்டுக்காரரு கொறட்டை தாங்கல. கட்டில் பக்கத்துல நின்னாப் போதுமுங்க.”

அதற்குப் பிறகு கூட்டம் அடங்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் கேட்டார்கள், மாமியாரும் மருமகளும் ஒரே அடுக்களையில் புழங்குகிற வீட்டில் கேட்டார்கள், மாவு மில்காரர் கேட்டார், பிள்ளையார் கோயில் குருக்கள் கல்யாண சீசனுக்கு மட்டும் கேட்டார். பதினொரு குரலில் ஒன்றுக்குக்கூட இவ்வளவு போட்டி இருந்ததில்லை. ராக்கியண்ணன் பேனாவை எடுத்து, வீட்டு எண் வாரியாகக் கிழமை ஒதுக்குவதாக அறிவித்தார்.

“யாருக்கும் கெடையாதுங்க,” என்றார் நஞ்சப்பன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இன்னும் அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“மத்ததெல்லாம் நீங்க வெச்சுக்கங்க. அது ஊருக்குப் பாடுனது. இது எங்கூட்டுது.”

கேசரி தீர்ந்ததும் ஜனங்கள் போனார்கள், குரல்களும் தத்தம் இடத்துக்குப் போயின. திலகவதி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் பிளேட்டைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, ஏதோ உறுத்தியவர்போல் இடதுபக்கப் பெட்டியின் பின்னால் குனிந்தார். சிவப்பில் கறுப்பு வயர் இருந்தது, கறுப்பில் சிவப்பு இருந்தது. அவசரத்தில் செருகியதில் இரண்டு திருகும் சரியாகப் பிடிக்காமல் லேசாக ஆடின. அவர் தலையைத் தூக்கித் திலகவதியைப் பார்த்தார். அவள் கையில் நாற்காலியோடு அப்படியே நின்றாள்.

அவர் வயரை மாற்றவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கழன்றுவிடாதபடி இரண்டு திருகையும் நன்றாக இறுக்கினார்.